பூ விழுந்த சத்தம்

ட்ரிங்ங்... ட்ரிங்ங்...

ஸ்டேஷன் போன் அடித்துக்கொண்டே இருந்தது.

இன்ஸ்பெக்டரம்மா எடுக்கவில்லை. அவருடைய இரண்டு கையிலும் பக்கெட்.

ராத்திரி பெய்த மழை விடிவதற்குள் விட்டுவிட்டது. அந்தச் செய்தி ஸ்டேஷன் கூரைக்கு மட்டும் இன்னும் போய்ச் சேரவில்லை. மேஜை மேல், நாற்காலி மேல், லாக்கப்புக்கு நட்ட நடுவில்... சொட், சொட், சொட்.

பாட்டன் காலத்துக் கட்டடம். ரிப்பேர் செய்து கொடுங்கள் என்று கேட்டால் ஒரு ஆபீஸ், 'பழைய கட்டடம், கை வைக்கக் கூடாது' என்று எழுதும். இன்னொரு ஆபீஸ், 'பழைய கட்டடம், காசு ஒதுக்க முடியாது' என்று எழுதும்.

நடுவில் பக்கெட் தூக்குவது இன்ஸ்பெக்டரம்மா.

போனை ஏட்டு எடுத்தார். கேட்டார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"மேடம்... அந்தப் பெரிய வீடு இருக்கே... மானியம் வாங்கிப் புதுப்பிச்சாங்களே... அங்க ஒரு ஆளு செத்துக் கிடக்கறாராம்."

"யாரு?"

"மானிய ஆபீசர். கடைசி செக்கிங் பண்ண வந்தவரு."

"எப்படி செத்தாராம்?"

ஏட்டு ரிசீவரை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார்.

"தலையில பூ விழுந்து செத்துட்டாராம்."

இன்ஸ்பெக்டரம்மா பக்கெட்டைக் கீழே வைத்தார்.

"ஏட்டய்யா... காலையிலேயே ஏதாவது போட்டுட்டு வந்தீங்களா?"

"சத்தியமா இல்ல மேடம். டீகூட இன்னும் குடிக்கல."

*

அந்த வீட்டை ஊரில் தெரியாதவர்கள் கிடையாது.

வீட்டுக்காரரையும்தான். மூன்று வார்த்தைக்கு ஒருமுறை 'பாரம்பரியம்' என்பார். அதனால் ஊர் அவருக்கு அதையே பெயராக வைத்துவிட்டது. கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் எழுந்து, முன்னோர் கட்டிய வீட்டைக் காப்பது எப்படி என்று பேசுவார். செலவில் பாதி அரசாங்க மானியம். அன்றைக்கு ஆபீசர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் வேலை முடிந்தது.

ஆபீசர் பார்த்தார். கையெழுத்துக்கு முன்னால் அவர் வேலைதான் முடிந்தது.

வீடு, அறுபது வயதில் தலைக்குச் சாயம் பூசிக்கொண்ட மனிதர் மாதிரி பளபளவென்று நின்றது. மாடிக் கூடத்தில் ஆபீசர் குப்புறக் கிடந்தார். பின் மண்டையில் அடி. பக்கத்தில் அளவு டேப் பாதி நீண்டு கிடந்தது.

மேலே கூரையின் நடுவில் ஒரு ஓட்டை. கட்டை விரல் நுழைகிற அளவு.

சுவர் ஓரத்தில், தார்ப்பாய் போட்டு மூடிய என்னவோ ஒன்று வட்டமாகச் சாய்ந்து நின்றது. வண்டிச் சக்கரம் அளவு. அதற்கு முன்னால் ஒல்லியாக ஒரு ஆள், கோல் கீப்பர் மாதிரி காலை அகட்டி நின்றான்.

"யாருய்யா நீ?"

"காண்ட்ராக்டர் மேடம். இந்த வீட்டு வேலை பூரா நான்தான் எடுத்துச் செஞ்சேன். வீட்டம்மா எனக்குக் கூடப் பிறந்த அக்கா."

"பின்னாடி என்ன?"

"பூ மேடம். கூரை நடுவுல தொங்கற தேக்கு மரப்பூ. செதுக்கு வேலை. அதான் ஆபீசர் மேல..." கையை விரித்து மறித்தான். "தொடாதீங்க மேடம்."

"ஏன், கடிக்குமா?"

"பாரம்பரியப் பொருள். துறை ஆளுங்க வந்து, கையுறை போட்டுத்தான் தொடணும். ரூல்ஸ்."

"செத்துக் கிடக்கறதே துறை ஆளுதான்யா."

"அதான் மேடம். இனி வேற ஆளு வரணும்."

இன்ஸ்பெக்டரம்மா ஆபீசரைப் பார்த்தார். தார்ப்பாயைப் பார்த்தார்.

"அவர் மேல விழுந்த பூ சுவர் ஓரத்துக்கு எப்படிப் போச்சு?"

"நான்தான் தூக்கி வெச்சேன். உசுரு இருக்கான்னு பார்க்கணும்ல."

"தனியாவா?"

"...பதட்டம் மேடம். பதட்டத்துல ஒரு பலம் வரும்பாங்களே."

ஏட்டு அவனை மேலும் கீழும் பார்த்தார். காற்றடித்தால் கொடியில் காய்கிற சட்டை மாதிரி பறந்துவிடுவான் போலிருந்தது.

"பதட்டம் வந்தா எனக்குக் கையில கிடக்கறதும் நழுவும்" என்றார் ஏட்டு. "உனக்குத் தேக்கு மரமே தூக்க வருதா? குடுத்து வெச்சவன்யா."

மாடிப்படியில் தடதடவென்று காலடி. பாரம்பரியம் வந்தார். வெள்ளைச் சட்டை, கலைந்த தலை, கண்ணெல்லாம் சிவப்பு.

"மேடம், என் வீடே ஒரு மனுஷனைக் கொன்னுடுச்சே. எங்க முன்னோர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

"அவங்க முகத்துல முழிக்க இன்னும் நாள் இருக்கு சார். முதல்ல என் கேள்விக்குப் பதில் சொல்லுங்க. அந்தப் பூ எவ்வளவு கனம்?"

"சுத்தமான தேக்கு. இறக்கும்போது நாலு பேரு பிடிச்சாங்களாம், மேடம். இந்த வீட்டுல ஒவ்வொரு மரத்துண்டும் எனக்குத் தெரியும். கண்ணைக் கட்டி விட்டாக்கூட தடவிப் பார்த்து எந்த உத்தரம், எந்தத் தூண்னு சொல்லிடுவேன்."

காண்ட்ராக்டர் ஏனோ இருமினான்.

*

கீழே நடுக்கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தார் இன்ஸ்பெக்டரம்மா.

முதலில் பேச முந்தியவர் சின்னவர். பாரம்பரியத்தின் கூடப் பிறந்த தம்பி. வேறு வீட்டில் இருப்பவர். இந்த வீட்டை இடித்துவிட்டு இடத்தை ஒரு பில்டருக்கு விற்கலாம் என்று ஆரம்பத்திலிருந்தே ஒற்றைக் காலில் நிற்பவர்.

"ஆக்சிடென்ட்தான் மேடம்" என்றார். துக்கத்தை முகத்தில் கொண்டுவரப் பார்த்தார். வரவில்லை. "நான் அப்பவே சொன்னேன். இந்த வீடு ஒரு நாள் ஆளைக் கொல்லும்னு. யாரு கேட்டா?"

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வாசல்ல, என் கார்ல. கண்ணாடி ஏத்திட்டு போன் பேசிட்டிருந்தேன்."

"எதுவும் கேக்கலையா?"

"இடி விழுந்தாக்கூட கேட்டிருக்காது."

"இப்ப வீடு என்ன ஆகும்?"

சின்னவர் இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி நிமிர்ந்தார்.

"ஆபத்தான கட்டடம்னு முத்திரை குத்துவாங்க. பாரம்பரியப் பட்டியல்ல இருந்து எடுத்துடுவாங்க. அப்புறம் இடிக்கலாம், விக்கலாம். ஆபீசர் கையெழுத்துப் போட்டிருந்தா பத்து வருஷத்துக்கு விக்க முடியாது, இடிக்க முடியாது, ஒரு ஜன்னலைக்கூட மாத்த முடியாது. அதான் கண்டிஷன்."

"பார்த்தீங்களா மேடம், கூடப் பிறந்தவன் பேசற பேச்சை?" பாரம்பரியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "இவனுக்கு இது வெறும் மண்ணு. எனக்கு இது..."

"பாரம்பரியம். தெரியும் சார். நீங்க எங்க இருந்தீங்க?"

"தோட்டத்து கேட்டுக்கிட்ட. தபால்காரர்கிட்ட பேசிட்டிருந்தேன். வாசல்ல என் மச்சான் கல்லு தேய்க்கற மெஷினை ஓட்டிட்டிருந்தான். காது கிழிஞ்சு போச்சு. நல்லவேளை, மெஷின் நின்னுச்சு. நின்ன கொஞ்ச நேரத்துல... டமார்னு ஒரு சத்தம். நிலமே அதிர்ந்துச்சு மேடம். 'ஐயோ, மாடியில என்னவோ விழுந்துடுச்சு'ன்னு கத்திட்டே ஓடினேன். வாசல்ல இருந்த மச்சான் எனக்கு முன்னாடியே மாடிக்குப் போயிட்டான்."

தபால்காரர் கதவோரமாக, பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். வந்த இடத்தில் மாட்டிக்கொண்ட முகம்.

"உங்களுக்கும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சுங்கம்மா... அதாவது, சார் 'கேட்டுச்சா'ன்னு கேட்டாரு. நான் 'இல்லையே'ன்னேன். 'யோவ், காதுல பஞ்சா வெச்சிருக்க, டமார்னு கேட்டுச்சேய்யா'ன்னாரு. அப்புறம் யோசிச்சுப் பார்த்தா கேட்ட மாதிரித்தான் இருந்துச்சு."

"யோசிச்சுப் பார்த்தா கேக்கற சத்தமா?"

"பெரிய மனுஷன் சொல்றாருங்களேம்மா."

இன்ஸ்பெக்டரம்மா வீட்டம்மா பக்கம் திரும்பினார். பாரம்பரியத்தின் மனைவி. முந்தானையில் கையைத் துடைத்தபடியே இருந்தார். ஈரம் எப்போதோ காய்ந்துவிட்டது. கை நிற்கவில்லை.

"நீங்கம்மா?"

"சமையக்கட்டுல இருந்தேன்."

"அது எங்க இருக்கு?"

"மாடிக் கூடத்துக்கு நேர் கீழ."

"உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

"மெஷின் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு. அது நின்னதும் 'அப்பாடா'ன்னு இருந்துச்சு. குண்டூசி விழுந்தாக்கூட கேக்கும், அவ்வளவு அமைதி. அப்புறம்..." வீட்டம்மா கணவரைப் பார்த்தார். "அப்புறம் இவரு கத்தறது கேட்டுச்சு."

"நடுவுல டமார்?"

"அவளுக்கு அடுப்படி வேலைல ஒண்ணும் காதுல விழாது மேடம்" என்றார் பாரம்பரியம்.

"இல்ல, அடுப்படியில நின்னுட்டு அடுத்த தெரு சண்டையையே கேப்பேன்" என்று ஆரம்பித்த வீட்டம்மா, சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

தோட்டத்தில் நின்றவருக்கு நிலம் அதிர்ந்தது. நேர் கீழே நின்றவருக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

இரண்டு பேரில் ஒருவர் பொய். யார்?

ஏட்டு குனிந்து தன் பேன்டைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன ஏட்டய்யா?"

"மாடியில இருந்து வந்ததுல இருந்து ஒட்டிட்டே இருக்கு மேடம். தட்டினா கையில ஒட்டுது. கையத் தட்டினா சட்டையில ஒட்டுது. என் மாமியார் மாதிரி போகவே மாட்டேங்குது."

வெள்ளையாக, கடுகு அளவு ஒரு உருண்டை.

இன்ஸ்பெக்டரம்மா அதை விரலில் எடுத்தார். உருட்டினார். ஊதினார். பறந்து போய் வீட்டம்மாவின் முந்தானையில் ஒட்டிக்கொண்டது.

வீட்டம்மா அதைப் பார்த்தார். தன் தம்பியைப் பார்த்தார்.

காண்ட்ராக்டர் தரையைப் பார்த்தான்.

இன்ஸ்பெக்டரம்மா இரண்டு பேரையும் பார்த்தார்.

*

"அந்தப் பூவை மாட்டினது யாரு?"

"நான்தான் மேடம்" என்றான் காண்ட்ராக்டர்.

"எப்படி?"

"பூவுக்கு நடுவுல ஒரு இரும்புக் கம்பி. அது கூரை வழியா மேல பரணுக்குப் போகும். பரண்ல நட்டுப் போட்டு முறுக்கியிருக்கோம்."

"அப்ப நட்டைச் சரியா முறுக்கல. பூ விழுந்துச்சு. ஆளு செத்தான்."

"சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு மேடம்" என்றார் பாரம்பரியம். குரல் தழுதழுத்தது. "பொண்டாட்டியோட தம்பி. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு. வேலையில அஜாக்கிரதை. ஒரு உசுரு போயிடுச்சு. நான் வேணா சாட்சி சொல்றேன்."

"மாமா..." என்றான் காண்ட்ராக்டர்.

"நீ பேசாதடா. உன்னை நம்பி வீட்டைக் குடுத்தேன்."

"ஜெயில்தான்யா" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "கவனக் குறைவால மரணம். உள்ள போனா சுலபத்துல வெளிய வர முடியாது. உனக்கு ஏதாவது சொல்லணுமா? இப்பவே சொல்லு. அப்புறம் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

காண்ட்ராக்டர் அக்காவைப் பார்த்தான். மாமாவைப் பார்த்தான். மறுபடி அக்கா.

"ஒண்ணும் இல்ல மேடம். நான்தான் சரியா முறுக்கல. என் தப்புதான்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

"ஏட்டய்யா, வண்டியில ஏத்துங்க."

ஏட்டு அவன் தோளில் கை வைத்தார். தோளே இல்லை. எலும்புதான் இருந்தது.

வீட்டம்மா எழுந்தார்.

புடவையை இடுப்பில் இழுத்துச் செருகினார். மாடிப்படி ஏறினார்.

"ஏய், எங்க போற? அங்க பொணம் கிடக்கு" என்றார் பாரம்பரியம்.

மேலே தார்ப்பாய் உரசுகிற சத்தம்.

"அக்கா, வேணாம்" என்று கத்தினான் காண்ட்ராக்டர். அந்த வீட்டில் அவன் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை.

வீட்டம்மா படியிறங்கி வந்தார்.

ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில், துவைத்த துணியைக் கொண்டுவருவது மாதிரி, அந்தப் பூ.

வண்டிச் சக்கரம் அளவுப் பூ. எட்டு இதழ். அடுக்கடுக்காகச் செதுக்கு வேலை. தேக்கு நிறம்.

ஒற்றைக் கையில்.

தபால்காரர் வாயைப் பிளந்தார். சின்னவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, அப்படியே நின்றுவிட்டார்.

வீட்டம்மா நேராகப் பாரம்பரியத்தின் முன்னால் வந்து நின்றார். பூவைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். விட்டார்.

பூ விழுந்தது.

தரையில் பட்டு, ஒரு துள்ளுத் துள்ளி, பாரம்பரியத்தின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

சத்தமே இல்லை.

"கேட்டுச்சாங்க?" என்றார் வீட்டம்மா. "டமார்னு கேட்டுச்சா? நிலம் அதிர்ந்துச்சா?"

பாரம்பரியம் குனிந்து பூவைத் தொட்டார். நகம் உள்ளே போனது. வெள்ளையாக உதிர்ந்தது.

"தெர்... தெர்மாகோலா?"

"ஆறு மாசமா உங்க தலைக்கு மேல தொங்குது. வர்றவங்க போறவங்க எல்லாரையும் கூட்டிட்டு வந்து அண்ணாந்து பார்க்க வெச்சீங்க. ஒட்டடை அடிக்கறவளுக்குத் தெரியாதா? கம்பு பட்டாலே பள்ளம் விழுந்துச்சு. வீட்டுல இருக்கற ஒவ்வொரு மரத்துண்டும் தெரியும்னு சொன்னீங்களே... ஒரு நாளாவது ஒட்டடை அடிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, பாரம்பரியத்துக்கு எதிரே உட்கார்ந்தார்.

"சொல்லுங்க சார். இந்தப் பூ விழுந்து எறும்புகூடச் சாகாது. சத்தமும் வராது. வராத சத்தம் உங்களுக்கு மட்டும் கேட்டிருக்கு. மெஷின் ஓடும்போது ஆபீசரை அடிச்சீங்க. பரண்ல ஏறி நட்டைக் கழட்டிப் பூவை அவர் மேல தள்ளினீங்க. மெஷின் சத்தத்துல பூ விழுந்த சத்தம் உங்களுக்குக் கேக்கல. 'விழுந்திருக்கும், டமார்னு விழுந்திருக்கும்'னு நீங்களே நினைச்சுக்கிட்டீங்க. அப்புறம் தோட்டத்துக்கு வந்து, மெஷின் நிக்கறவரைக்கும் தபால்காரரைப் பிடிச்சு வெச்சு, கேக்காத சத்தத்தைக் கேட்டீங்க. அதுதான் உங்க சாட்சி. இல்லையா?"

ஏட்டு அதற்குள் பரணில் ஏறி இறங்கிவிட்டார். தலையெல்லாம் ஒட்டடை. கையில் ஒரு துணி மூட்டை. உள்ளே முழங்கை நீள ஸ்பேனர் ஒன்று, கழற்றி எடுத்த நட்டு ஒன்று. ஸ்பேனர் முனையில் சிவப்பு.

"மூலையில சாக்குக்கு அடியில இருந்துச்சு மேடம்."

"ஏன் சார்?" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "கையெழுத்துப் போட வந்த மனுஷனை எதுக்குக் கொன்னீங்க? மானியம் வேணாமா?"

"அவன் கையெழுத்துப் போட்டுடுவேன்னு சொன்னான்" என்றார் பாரம்பரியம். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"அதுக்கா கொன்னீங்க?"

"போட்டா பத்து வருஷம் விக்க முடியாது. பில்டர்கிட்ட நான் போன மாசமே பேசி முடிச்சுட்டேன். வேலையெல்லாம் பாதி முடிஞ்சப்புறம்தான் பில்டர் அவ்வளவு பெரிய விலை சொன்னான். மானியம் வேணாம்னு எழுதிக் குடுத்தா ஊரு காறித் துப்பும். மேடை மேடையாப் பேசியிருக்கேன். வீடு சரியில்ல, ஃபெயில்னு ஆபீசரே எழுதிட்டா எனக்கும் கெட்ட பேர் இல்ல. அதான் கேட்டேன்."

"ஃபெயில் பண்ணச் சொல்லியா?"

"லஞ்சமும் தர்றேன்னேன். பாஸ் பண்ணச் சொல்லி லஞ்சம் குடுக்கறவங்களைப் பார்த்திருக்கேன், ஃபெயிலுக்கு இப்பத்தான் பார்க்கறேன்னு சிரிச்சான். அப்புறம்..." பாரம்பரியம் காலடியில் கிடந்த பூவைப் பார்த்தார். "அப்புறம் அண்ணாந்து இதைக் காட்டினான். 'இப்படி ஒரு செதுக்கு வேலை இருக்கற வீட்டை எப்படி சார் ஃபெயில் பண்றது? என் மனசாட்சி ஒத்துக்காது'ன்னான்."

யாரும் சிரிக்கவில்லை. ஏட்டு மட்டும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"பில்டர்கிட்ட முடிச்சுட்டியா?" சின்னவர் இப்போதுதான் முழுசாக எழுந்தார். "எனக்குத் தெரியாமலா? நாலு வருஷமா விக்கலாம்னு நான் சொன்னப்பல்லாம், பாரம்பரியத்தை விக்கறவன் பெத்த தாயை விக்கறவன்னு என்னை நாலு பேர் முன்னாடி கேவலப்படுத்தினியே அண்ணே... என் பங்கு எங்க?"

"சின்னவரே, உக்காருங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா. "பொணம் இன்னும் மாடியிலதான் இருக்கு."

அவர் காண்ட்ராக்டர் பக்கம் திரும்பினார்.

"நிஜப் பூ எங்கய்யா? வித்துட்டியா?"

"ஐயோ இல்ல மேடம். நாலு பேரு பிடிச்சு இறக்கினோம். இறக்கறதுக்குள்ள கையிலயே பொடியாப் போச்சு. உள்ள பூரா கரையான். வெளியில பெயின்ட் மட்டும்தான் பாரம்பரியமா நின்னுச்சு. பழைய பொருள் அப்படியே இருந்தாத்தான் மானியம்னு ரூல்ஸ். இல்லேன்னா அக்கா வீட்டுக்குக் காசு வராது. அதான் பழைய போட்டோவைப் பார்த்து... தெர்மாகோல்ல..." தலையைக் குனிந்தான். "தேக்குன்னு பில்லு போட்டது தப்புதான் மேடம்."

"அது தனி கேஸ். அதுக்கும் வருவேன். பூவைத் தூக்கினப்பவே உனக்குத் தெரியுமில்ல, இது ஆக்சிடென்ட் இல்லேன்னு?"

"தெரியும்."

"டமார்னு உங்க மாமா சொன்னப்பவே யாருன்னும் தெரியும்."

வீட்டம்மா தம்பி முன்னால் வந்து நின்றார். ஒரு அறை விடப்போகிற மாதிரிதான் கை ஓங்கினார். கை அவன் தலையில் ஒட்டியிருந்த வெள்ளை உருண்டையை எடுத்துப் போட்டது.

"ஏண்டா சொல்லல?"

"சொன்னா உனக்குப் புருஷன் இருக்க மாட்டாரேக்கா."

"சொல்லாம இருந்திருந்தா எனக்குத் தம்பி இருந்திருக்க மாட்டான்" என்றார் வீட்டம்மா. "ஒரு பக்கம் புருஷன். ஒரு பக்கம் கூடப் பிறந்தவன். மாடிப்படி ஏறும்போதுகூட முடிவு பண்ணலடா. அந்தப் பூவைக் கையில எடுத்தப்பத்தான்... கனமே இல்ல. கனமே இல்லாத ஒண்ணுக்காக நீ ஜெயிலுக்குப் போகணுமா?"

முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

*

ஜீப்பில் பாரம்பரியத்தைப் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

முன் சீட்டில் ஏட்டு மெல்லக் கேட்டார்.

"மேடம், அது தெர்மாகோல்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமில்ல?"

"உங்க பேன்ட்ல இருந்து எடுத்தேனே, அப்பவே."

"அப்ப ஏன் அந்த ஒல்லிப் பயலை வண்டியில ஏத்தச் சொன்னீங்க? அந்தம்மா எழுந்திருக்கலேன்னா?"

"எழுந்திருப்பாங்க. அந்த உருண்டை அவங்க முந்தானையில ஒட்டினப்ப, அவங்க அதைத் தட்டிவிடல. தம்பியைப் பார்த்தாங்க." இன்ஸ்பெக்டரம்மா ஜீப் கண்ணாடியைத் துடைத்தார். "நான் சொன்னா வக்கீல் வெச்சு மறுப்பாரு. கட்டின பொண்டாட்டி கொண்டு வந்து காலடியில போட்டா?"

"என் வீட்டுல போட்டா பாத்திரம்தான் மேடம். டமார்னுதான் கேக்கும்."

பின் சீட்டில் பாரம்பரியம் முதல் முறையாக வாயைத் திறந்தார்.

"என் வீடு என்ன ஆகும்?"

"உங்க சம்சாரத்தைத்தான் கேக்கணும். பழைய பூ கரையான் அரிச்சுடுச்சுன்னு துறைக்கு உண்மையை எழுதிப் போடப் போறாங்களாம். மானியம் வந்தாலும் வராட்டாலும் விக்கப் போறதில்லையாம்."

"வீட்டு மேல அவளுக்கு என்ன..."

"இத்தனை வருஷமா ஒட்டடை அடிச்சவங்க சார். அந்த வீட்டைக் கையால தொட்டது அவங்க ஒருத்தர்தான்."

ஸ்டேஷன் வந்தது.

உள்ளே பக்கெட் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. ஏட்டு அதைக் காலால் தள்ளிவிட்டு, லாக்கப் பூட்டைத் திறந்தார். கதவு கிறீச்சிட்டது. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. கூரையின் நடுவிலிருந்து நேராக, சொட், சொட், சொட்.

பாரம்பரியம் வாசலிலேயே நின்றுவிட்டார். அண்ணாந்து பார்த்தார்.

"இங்கயா?"

"உள்ள போங்க சார்" என்றார் ஏட்டு. "உங்களுக்குப் பிடிக்கும். கட்டின நாள்ல இருந்து ஒரு ஆணியைக்கூட மாத்தல... எல்லாமே ஒரிஜினல்."